உத்தரவாதம் முடிந்த பின்

உத்தரவாதம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். கைக்கடிகாரம் வாங்கினாலும் மின்விசிறி வாங்கினாலும் கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்து, தேதியிட்டு, முத்திரை குத்தித் தருகிறார். அச்சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் 'உத்தரம்' இருக்கிறது. உத்தரம் என்றால் மறுமொழி. கேள்வி எழும்போது மறுமொழி சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பதே அதன் உட்பொருள். 'இதற்கு நானே உத்தரவாதி' என்று நம் முன்னோர் பத்திரத்தில் கையொப்பமிட்டபோது, தங்கள் பெயரையும் மானத்தையும் சேர்த்தே அதில் வைத்தார்கள். இன்று அந்தச் சொல்லின் பக்கத்தில் ஒரு தேதி நிற்கிறது. தேதிக்கு முந்திய நாள் எழும் கேள்விக்கு மறுமொழி உண்டு; பிந்திய நாள் எழும் கேள்விக்கு இல்லை. இதைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியது என் தமக்கையின் மகனுக்கு நேர்ந்த ஒரு துன்பத்தால்.

அவன் அரியமங்கலத்தில் குடியிருக்கிறான். வாடகைக் கார் ஓட்டுவது அவன் தொழில். பத்தாண்டுகள் பிறர் வண்டியை ஓட்டிச் சேர்த்த பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு வங்கியில் ஐந்தாண்டுத் தவணைக் கடன் பெற்று, 2022 டிசம்பரில் சொந்தமாக ஒரு கார் வாங்கினான். திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கும், தஞ்சைக்கும், மதுரை விமான நிலையத்துக்கும் அது ஓடாத நாள் குறைவு. குறித்த கிலோமீட்டர் வந்ததும் விற்பனையாளரின் பணிமனைக்கே கொண்டுசென்று எண்ணெய் மாற்றுவான். ஒவ்வொரு ரசீதையும் ஒரு பழைய செபப் புத்தகத்தின் உறைக்குள் செருகி வைப்பான்.

2024 செப்டம்பர் முதல் வாரத்தில், அன்னையின் திருவிழாவுக்குச் சென்ற ஒரு குடும்பத்தை வேளாங்கண்ணியிலிருந்து அழைத்துவந்துகொண்டிருந்தான். தஞ்சாவூரைக் கடந்து செங்கிப்பட்டியை நெருங்கும்போது, இரும்புக் கதவைக் கல்லால் தட்டுவதுபோல் முன்பக்கத்திலிருந்து ஓர் ஓசை எழுந்தது. எண்ணெய் விளக்கு சிவப்பாக மின்னியது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினான். மறுபடி இயக்கிப் பார்த்தபோது அது சுற்றவில்லை. பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, இழுவை வண்டி வரும்வரை சாலையோரப் புளியமரத்தடியில் காத்திருந்தானாம். தூரமானி 1,02,640 கிலோமீட்டரைக் காட்டியது.

அந்த எண்ணைக் கேட்டதும் பணிமனை மேலாளர் கோப்பை மூடிவிட்டார். உத்தரவாத அட்டையில், 'மூன்று ஆண்டுகள் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், இவற்றுள் எது முந்தியதோ அதுவரை' என்று அச்சிட்டிருந்தது. நாட்காட்டிப்படி இன்னும் ஓராண்டுக்குமேல் காலம் இருந்தது. தூரத்தின்படி ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. கூடுதல் உத்தரவாதம் என ஒன்று தனியாக விற்கப்படுவதுண்டு; அவன் வாங்கிய வகை வாடகை வண்டிக்கு அது கிடையாது என்று வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள்.

'எது முந்தியதோ அது' என்னும் அந்தச் சிறு தொடரை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். ஞாயிறு பூசைக்கும் திருமணங்களுக்கும் மட்டும் காரை எடுக்கும் குடும்பத்துக்கு மூன்று ஆண்டுப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்கிறது. அதே காரை ஓட்டிப் பிழைப்பவனுக்கு ஒன்றே முக்கால் ஆண்டில் பாதுகாப்பு தீர்ந்துவிடுகிறது. எவன் அதிகம் உழைக்கிறானோ அவனுடைய உத்தரவாதம் விரைந்து முடிகிறது. வண்டி அதிகம் ஓடினால் அதிகம் தேயும் என்னும் பொறியியல் நியாயம் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவன் வாங்கிய கடன் பத்திரத்தில் 'எது முந்தியதோ அது' என்ற தொடரைக் காணோம். வண்டி நின்றாலும் ஓடினாலும் 60 தவணைகளும் கட்டியாக வேண்டும்.

எஞ்சினை முழுதாக மாற்ற ஏறத்தாழ 1,40,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பீடு எழுதித் தந்தார்கள். நாங்கள் உற்பத்தி நிறுவனத்தின் வட்டார அலுவலகத்துக்கு எழுதினோம். பதினெட்டு நாட்களுக்குப் பின், 'குட்வில்' அடிப்படையில் உதிரிப்பாகங்களின் விலையில் நூற்றுக்கு முப்பது பங்கைக் குறைத்துக்கொள்வதாகப் பதில் வந்தது. தொழில் வழக்கில் அதற்குப் பொருள், கடமை இல்லாவிட்டாலும் காட்டும் சலுகை என்பதாம். தமிழில் சொன்னால் நல்மனம். கிறிஸ்து பிறப்பின் இரவில் வானதூதர் வாழ்த்தில் நாம் கேட்கும் சொல் அது. நல்மனத்தை முப்பது விழுக்காடு என்று அளக்க முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். முப்பது கழிந்தபின் எஞ்சிய தொகையைப் புரட்டவும் அவனால் இயலவில்லை.

"மாமா, நம்ம ஊர்ப் பட்டறையிலேயே பார்த்துடலாமா?" என்று அவன் கேட்டான்.

அரியமங்கலத்தை வெளியூரார் குப்பைக் கிடங்கைக் கொண்டே அறிவர். திருச்சி மாநகரின் கழிவு பல பத்தாண்டுகள் வந்து குவிந்த நிலம் அது; பரப்பு 47 ஏக்கருக்கு மேல். கோடையில் அது தீப்பற்றிப் புகைந்த நாட்களில் சுற்றியுள்ள தெருக்களில் கதவடைத்துக் கிடந்தவர்களுக்குத்தான் அதன் வரலாறு தெரியும். அந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. தொழிற்பேட்டையும், தஞ்சைச் சாலையையொட்டிய கடைசல் பட்டறைகளும், பிறர் வேண்டாமென்று ஒதுக்கியதை மீண்டும் ஓடவைக்கும் கைகளும் அங்கே இருக்கின்றன. பக்கத்திலேயே பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து 1928இல் அங்கே இயங்கத் தொடங்கிய இரயில்வே பணிமனை, உதகை மலைப்பாதையின் நீராவி எஞ்சின்களைப் பேணிவருவது. சுவிட்சர்லாந்தில் கட்டப்பட்ட அந்த எஞ்சின்களுள் முதற்தொகுதி 1914 முதல் வந்தது. கடைசித் தொகுதி 1952இல் வந்தது. கட்டியவர்களின் பொறுப்பு என்றோ தீர்ந்துபோனது. ஆனாலும் பொன்மலைத் தொழிலாளர் அவற்றைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் மலையேற அனுப்பியிருக்கிறார்கள். ஓர் இயந்திரத்தின் ஆயுள் அதன் இரும்பில் பாதியும், அதற்குப் பின்னே நிற்கும் மனிதரிடம் பாதியுமாக இருக்கிறது என்று அப்பகுதியில் வாழ்பவர்கள் சொல்லாமலே அறிவார்கள்.

நாங்கள் போன பட்டறை ஒரு முதியவருடையது. எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைக்கின்றனர். வண்டியைச் சுற்றிவந்து, எண்ணெய் அளவுகோலை உருவி முகர்ந்து, விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நான் இதுல ஸ்பேனர் வைக்க மாட்டேன். வச்சா உங்க கேஸ் போயிடும். பட்டறைக்காரன் கழட்டித்தான் கெட்டுச்சுன்னு சொல்லிடுவாங்க. முதல்ல ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வாங்க. அவர் முன்னாடி கழட்டுறேன்."

வேலை தேடி வந்த நிலையில் அதைத் தள்ளிவைத்த அந்தச் சொல் எங்களைத் திகைக்க வைத்தது. அவர் சொன்னபடியே, விபத்து வண்டிகளை மதிப்பிடும் அனுபவமுள்ள ஒரு பொறியாளரை அமர்த்தினோம். நிறுவனத்துக்கும் விற்பனையாளருக்கும் நாள் குறிப்பிட்டுப் பதிவு அஞ்சல் அனுப்பினோம். அவர்கள் தரப்பில் ஒருவரும் வரவில்லை. குறித்த நாளில் பொறியாளர் முன்னிலையில், ஒவ்வொரு படியையும் படமெடுத்துக்கொண்டு, பாய் எஞ்சினைப் பிரித்தார்.

காரின் எஞ்சினுக்குள் நடப்பது வியப்பானது. நெடுஞ்சாலையில் செல்லும்போது கிராங்க் தண்டு நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு அதைப் பற்றியிருக்கும் இடத்தில் இரண்டு அரைவட்டத் தகடுகள் உண்டு, அவையே பேரிங். தகட்டுக்கும் தண்டுக்கும் இடையே உள்ள வெளி ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு மட்டுமே. அந்த வெளியில் எண்ணெய் ஒரு படலமாக ஓடும்வரை இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. எண்ணெய் நின்றுவிட்டால் சில நொடிகளில் பேரிங் உருகிக் கிராங்கைக் கடித்துவிடும். செங்கிப்பட்டியில் நடந்தது அதுவே.

எண்ணெய் ஏன் நின்றது? அடித்தொட்டியைக் கழற்றியபோது, எண்ணெயை உறிஞ்சும் குழாயின் சல்லடையில் பாதிக்குமேல் சாம்பல் நிறப் பசைத் துணுக்குகள் அடைத்துக்கொண்டிருந்தன. தொட்டியை எஞ்சினோடு ஒட்டும்போது பூசப்படும் பசை அது. அளவுக்கு மிஞ்சிப் பூசினால் உள்விளிம்பில் பிதுங்கி நிற்கும். நாட்பட நாட்பட உதிர்ந்து எண்ணெயில் மிதக்கும். அந்தத் தொட்டி எப்போதாவது திறக்கப்பட்டதாகப் பணிமனை ரசீதுகளில் எங்கும் இல்லை. செபப் புத்தக உறைக்குள் இருந்த அத்தனை ரசீதுகளையும் பொறியாளர் வரிசைப்படுத்திப் பார்த்துத் தம் அறிக்கையில் அதை எழுதினார். குறை இருந்தது என்றால், வண்டி ஒரு லட்சத்தைத் தாண்டிய பின் அது பிறக்கவில்லை. பிறந்த நாளிலிருந்தே அது உள்ளே இருந்து, தாமதமாக வெளிப்பட்டது என்பது அவர் கருத்து. அதை ஏற்பதும் மறுப்பதும் நுகர்வோர் ஆணையத்தின் பொறுப்பு. 2025இன் தொடக்கத்தில் மாவட்ட ஆணையத்தில் முறையீடு அளித்தோம். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்வது நம் வாசகர்களுக்குப் பயன்படும். தொழிலுக்கு வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று பலரும் எண்ணுகிறார்கள். தன் கையால் உழைத்துப் பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கும் பொருளை வணிக நோக்கம் என்று கொள்ளலாகாது என 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாக விலக்கு அளிக்கிறது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரையானால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. பத்து லட்சம் வரை 200 ரூபாய். குறையைச் சோதனையின்றி அறிய இயலாதபோது பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உச்ச நீதிமன்றம் 2006இல் மாருதி உத்யோக் வழக்கில், உத்தரவாத அட்டை பழுதான பாகத்தை மாற்றித்தர மட்டுமே ஒப்புக்கொண்டிருந்தால் முழுக் காரையும் மாற்றித் தரும்படி கேட்க முடியாது என்றது. 2010இல் ஃபியட் இந்தியா நிறுவனம் தொடர்பான மற்றொரு வழக்கில், எஞ்சினைச் சார்பற்ற வல்லுநர் ஒருவர் சோதித்துப் பிறவிக்குறை உண்டு என்று கண்டால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும்: அட்டையின் சொற்கள் முக்கியம்; குறையை மெய்ப்பிக்கும் சான்று அதைவிட முக்கியம். ஆகவே எண்ணெய் மாற்றிய ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். வாய்மொழி மறுப்பை ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள். சான்று பதிவாகும் முன் எஞ்சினைத் திறக்க விடாதீர்கள். பாய் இச்சட்டத்தைப் படித்தவர் அல்லர். நியாயத்தின் வழி அவருக்குத் தெரிந்திருந்தது.

உலகறிந்த ஒரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகிறது. ஹூண்டாய் நிறுவனத்தின் 'தீட்டா 2' என்னும் வகை எஞ்சின்கள் அமெரிக்கச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றன. கிராங்க் தண்டைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள்கள் முழுமையாக நீக்கப்படாமல் எண்ணெய் வழிகளில் தங்கி, பேரிங்கைத் தின்றதே காரணம் என்று கண்டறிந்து 2015இல் ஏறத்தாழ 4,70,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. குறை அத்துடன் நிற்கவில்லை என்று அறிந்தவர் அந்நிறுவனத்துக்குள்ளேயே இருந்தார். கிம் குவாங்-ஹோ என்னும் அந்தப் பொறியாளர் 2016இல் ஆவணங்களை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்தார். அந்த ஆண்டே வேலையையும் இழந்தார். 2020இல் ஹூண்டாயும் கியாவும் தண்டத் தொகை தொடர்பாக 21 கோடி டாலருக்கு உடன்பட்டன. 2021இல் கிம்முக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி அளிக்கப்பட்டது. அந்த எஞ்சின்களுக்கான உத்தரவாதம் பின்னர் ஆயுள் முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது. அட்டையில் அச்சிட்ட தேதிகள் பலருக்கும் என்றோ கடந்துவிட்டிருந்தன. ஆனாலும் மறுமொழி சொல்ல வேண்டிய கட்டாயம் நேர்ந்தது. அதற்கு வழி திறந்தது ஒரு மனிதரின் மனச்சான்று.

நம் திருச்சபையின் மரபில் இக்கேள்வி புதிதன்று. 1274இல் மறைந்த புனித தோமா அக்வினாசு, தம் 'இறையியல் தொகுப்பு' நூலில் விற்பதிலும் வாங்குவதிலும் நேரும் அநீதியைப் பற்றித் தனியாக ஒரு வினா எழுப்பி ஆராய்கிறார். நொண்டிக் குதிரையை விரைவானதென்று விற்பதும், சாயும் வீட்டை உறுதியானதென்று விற்பதும் அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள். அவருடைய காலத்து வாகனம் குதிரைதானே! குறையை அறிந்தே மறைத்து விற்றவன் பாவம் செய்கிறான். இதில் எவருக்கும் ஐயமில்லை. அறியாமல் விற்றவன்? அவன்மேல் பாவமில்லை என்கிறார் புனிதர். ஆனால் குறை இருப்பது பின்னர் அவனுக்குத் தெரியவரும்போது, வாங்கியவனுக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டிருக்கிறான் என்கிறார். இதை நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். விற்ற நாளிலிருந்து இத்தனை ஆண்டு, இத்தனை காதம் என்று அவர் எல்லை குறிக்கவில்லை. அறியும் நாளில் கடமை தொடங்குகிறது என்கிறார். பொறுப்பு முடியும் நாளை அட்டை நமக்குச் சொல்கிறது. அது தொடங்கும் நாளைப் புனிதர் சொல்கிறார்.

எல்லையே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. இரும்பு தேயும், ரப்பர் வெடிக்கும், பத்தாண்டு உழைத்த வண்டியின் ஒவ்வொரு பழுதுக்கும் உற்பத்தியாளரைப் பிடித்து உலுக்குவதும் அநீதியே. ஒப்பந்தங்களுக்கு எல்லை வேண்டும். இல்லாவிட்டால் வணிகம் நடவாது. தேய்மானத்துக்குத் தேதி வைக்கலாம். செய்தவனின் கைப்பிழைக்குத் தேதி வைப்பது எப்படி நியாயமாகும் என்பதே என் கேள்வி. பசையை அளவுக்கு மிஞ்சிப் பூசிய அந்த நொடியில் பிழை முழுமையடைந்துவிட்டது. அதன் விளைவு ஒரு லட்சத்துக்கு முன்னே வெளிப்படுவதும் பின்னே வெளிப்படுவதும் தற்செயல். அந்தத் தற்செயலை ஒரு தொழிலாளியின் தலையில் ஏற்றிவிட்டுக் கோப்பை மூடுவதில் சட்டம் இருக்கலாம், நீதி இல்லை.

திருவிவிலியம் ஒப்பந்தத்தைவிட உடன்படிக்கையையே அதிகம் பேசுகிறது. நல்ல சமாரியரின் உவமையில் (லூக்கா 10) நாம் விரைந்து கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. காயப்பட்டவரைச் சாவடியில் சேர்த்த சமாரியர், மறுநாள் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். அத்தோடு கணக்கை முடித்திருக்கலாம். வழிப்போக்கர் ஒருவருக்கு அதற்குமேல் செய்ய யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அவரோ, கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்துவிட்டுச் செல்கிறார். எவ்வளவு என்றும் எதுவரை என்றும் அவர் சொல்லவில்லை. காயம் ஆறும்வரை என்பதே அதன் பொருள்.

பழுது பார்த்து முடித்தபோது பாய் 52,000 ரூபாய்க்குக் கணக்குத் தந்தார். கிராங்கைத் தேய்த்துச் சீராக்கி, அதற்கேற்ற அளவில் புதிய பேரிங்குகளும் எண்ணெய் பம்பும் இட்டிருந்தார். கழற்றிய பாகங்கள் அனைத்தும் சாக்கில் கட்டப்பட்டு முத்திரையோடு இருந்தன. பாதித் தொகையை வாங்கிக்கொண்டு, மீதியை மூன்று மாதங்களில் தரும்படி சொன்னார். உத்தரவாதம் உண்டா என்று என் மருமகன் தயக்கத்தோடு கேட்டான். "ஓட்டிப் பாருங்க தம்பி. சத்தம் வந்தா ராத்திரியானாலும் கூப்பிடுங்க. நான் செஞ்சதுக்கு நான்தானே பதில் சொல்லணும்" என்றார். அட்டையில்லை, முத்திரையில்லை. இருந்தும் அந்தச் சொல்லின் பழைய பொருள் அவர் வாயில் முழுமையாக இருந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், பயன்படுத்தித் தூக்கி எறியும் பண்பாடு பொருட்களைக் குப்பையாக்குவதோடு நில்லாமல் மனிதரையும் ஒதுக்கித் தள்ளுகிறது என்று எச்சரித்தார். குப்பைமலையின் நிழலில் வாழ்ந்த அரியமங்கலத்து மக்களுக்கு அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. பொருளுக்குப் பின்னே நிற்பவர் இல்லாதபோது பொருள் குப்பையாகிறது. பொருளை நம்பி வாழ்ந்தவரும் அதனோடு சேர்த்துத் தள்ளப்படுகிறார்.

நம்முள் கார் செய்பவர் எவரும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வீடு கட்டித் தருவோர், துணி தைப்போர், மருந்து கொடுப்போர், பாடம் சொல்லித் தருவோர் நம் பங்குகள்தோறும் இருக்கிறோம். நாம் கட்டிய சுவர் ஐந்தாம் ஆண்டு மழையில் விரிசல் விட்டால், நாம் தைத்த சட்டை முதல் துவைப்பில் பிரிந்தால், நாம் தவறாகச் சொல்லித்தந்த பாடம் மாணவனைத் தேர்வில் இடறினால், அவர் நம் வாசலுக்கு வந்து நிற்பார். அப்போது நம் கை நாட்காட்டியைப் புரட்டுகிறதா, கதவைத் திறக்கிறதா என்பதில் நம் விசுவாசம் வெளிப்படும். தேதி கடந்து வரும் அந்த மனிதருக்குச் சொல்லும் மறுமொழியையே ஆண்டவர் நம்மிடம் கேட்பார்.